ஏடிஎச்டி உள்ள பிள்ளையை வளர்ப்பது: நீலகிரிப் பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஏடிஎச்டி என்பது கவனம் நிலைக்காமலோ, துறுதுறுப்பு அடங்காமலோ, இரண்டுமாகவோ இருக்கும் ஒரு மூளை வளர்ச்சி நிலை. குன்னூரில் நாங்கள் நடத்தும் பெற்றோர் கூட்டத்தில் திரும்பத் திரும்ப வரும் கேள்விகள் இவை. கொழுந்து பறிக்கிறவர்கள், அரவங்காடு வெடிமருந்து ஃபேக்டரிக்காரர்கள், கோத்தகிரிப் பக்கத்து ஹட்டி எனும் சிற்றூர்களிலிருந்து வரும் படுகர் குடும்பங்கள், கூடலூரிலிருந்தும் பந்தலூரிலிருந்தும் விடியற்காலை பஸ் பிடித்து வருகிறவர்கள் என்று யார் வந்தாலும் கேட்பது ஏறக்குறைய இதைத்தான். நான் சிறப்புக் கல்வி ஆசிரியை, டாக்டர் இல்லை. மருந்தில் எது, எவ்வளவு என்பதெல்லாம் உங்கள் டாக்டர் சொல்வதுதான்.

இந்த வயதில் எல்லாப் பிள்ளைகளும் சேட்டைதானே செய்யும்? இதற்கு ஒரு பெயர் வேண்டுமா?

சேட்டை எல்லாப் பிள்ளைக்கும் உண்டு. டாக்டர் பார்ப்பது அது எவ்வளவு, எத்தனை நாளாக, எங்கெங்கே என்பதை. கவனம் சிதறுவது, ஆரம்பித்ததை முடிக்காமல் விடுவது, பொருளைத் தொலைப்பது, சொன்னதை மறப்பது ஒரு வகை. உட்கார்ந்த இடத்தில் நெளிவது, ஓயாமல் பேசுவது, கேள்வி முடிவதற்குள் பதில் சொல்வது, வரிசையில் நிற்க முடியாமல் போவது இன்னொரு வகை. டாக்டர்கள் கையில் வைத்திருக்கும் 2013-ஆம் ஆண்டு அமெரிக்க மனநலக் கையேட்டில் ஒவ்வொரு வகைக்கும் ஒன்பது அடையாளங்கள் உள்ளன. ஏதாவது ஒரு வகையில் குறைந்தது ஆறு இருக்க வேண்டும், ஆறு மாதமாவது நீடித்திருக்க வேண்டும். 12 வயதுக்கு முன்பே தலைகாட்டியிருக்க வேண்டும். வீட்டில் மட்டும், அல்லது பள்ளியில் மட்டும் என்றால் வேறு காரணம் தேட வேண்டும். இரண்டு வகையும் சேர்ந்து இருக்கும் பிள்ளைகளும் உண்டு.

பெயர் எதற்கு என்றால், திட்டும் முறையை மாற்றுவதற்கு. இந்தப் பிள்ளைகளுக்குத் தெரியாதது எதுவும் இல்லை. "ஷூவை எங்கே வைக்கணும்?" என்று கேட்டுப் பாருங்கள், சரியாகச் சொல்வான். ஷூவைக் கழற்றுகிற அந்த நேரத்தில் அது மனதில் வராது, கழற்றிய இடத்திலேயே கிடக்கும். ராத்திரி சாப்பிடும்போது அதைப் பற்றி அரை மணி நேரம் அறிவுரை சொன்னால், ஏற்கெனவே தெரிந்ததையே மறுபடி சொல்லிக்கொண்டிருக்கிறோம். ஷூ கழற்றும் இடத்தில், கழற்றும் நேரத்தில் என்ன இருக்கிறது என்பதுதான் கணக்கு. கீழே நான் சொல்லப்போவதில் பாதிக்கு மேல் இதை வைத்துத்தான்.

ஃபோனில் கேம் என்றால் இரண்டு மணி நேரம் அசையாமல் இருக்கிறானே, அப்போது மட்டும் கவனம் எங்கிருந்து வருகிறது?

கூட்டத்தில் அப்பாக்கள் ஜெயித்துவிட்ட முகத்தோடு கேட்கும் கேள்வி இது. கேமில் ஒவ்வொரு சில நொடிக்கும் ஒரு பரிசு, ஒரு சத்தம், ஒரு புள்ளி. வாய்ப்பாட்டில் அப்படி எதுவும் கிடையாது, பரிசு மூன்று மாதம் கழித்து ரேங்க் கார்டில் வரும். இந்தப் பிள்ளைகளின் மூளை உடனே கிடைப்பதை நோக்கித்தான் பாயும். கவனம் அவர்களிடம் இருக்கிறது, வேண்டிய இடத்துக்கு அதைத் திருப்புவதுதான் சிரமம். கேம் ஆடுகிறான் என்பதை வைத்து ஏடிஎச்டி இல்லை என்று சொல்ல முடியாது.

எதனால் வருகிறது? நான் வேலைக்குப் போனதாலா? மாமியார் அப்படித்தான் சொல்கிறார்.

இல்லை. பெரும் பங்கு பரம்பரை. உயரம் எந்த அளவுக்குக் குடும்பத்தில் வருகிறதோ, அதற்குச் சற்றே குறைவாக இதுவும் வருகிறது என்று இரட்டைக் குழந்தைகளை வைத்து நடந்த ஆராய்ச்சிகள் காட்டுகின்றன. குறைமாதப் பிறப்பு, பிறக்கும்போது எடை மிகக் குறைவு, ஈயம் உடலில் சேர்வது ஆகியவையும் வாய்ப்பைக் கூட்டுகின்றன. 2007-ல் அமெரிக்க தேசிய மனநல ஆய்வு நிறுவனம் வெளியிட்ட ஸ்கேன் ஆய்வில், மூளையின் மேலுறை முழுத் தடிமனை எட்டும் வயது மற்றப் பிள்ளைகளுக்கு ஏழரை என்றால் இவர்களுக்குப் பத்தரை என்று தெரிந்தது. ஏறக்குறைய மூன்று வருடத் தாமதம். பத்து வயதுப் பையன் சில விஷயங்களில் ஏழு வயது போல நடந்துகொண்டால் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

மாமியாரிடம் உங்கள் கணவர் சின்ன வயதில் எப்படி இருந்தார் என்று மெதுவாகக் கேட்டுப் பாருங்கள். பதில் பல வீடுகளில் சுவாரசியமாக இருக்கும்.

சர்க்கரை, சாக்லேட், வர்க்கி இதையெல்லாம் நிறுத்தினால் அடங்குவானா?

பல்லுக்கு நல்லது, குறைத்துக்கொள்ளுங்கள். ஏடிஎச்டிக்கும் சர்க்கரைக்கும் தொடர்பில்லை. 1994-ல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு நடந்தது. எல்லாப் பையன்களுக்கும் சர்க்கரை இல்லாத செயற்கை இனிப்பைத்தான் கொடுத்தார்கள். ஆனால் ஒரு பகுதி அம்மாக்களிடம் மட்டும் "உங்கள் பையனுக்கு நிறைய சர்க்கரை கொடுத்திருக்கிறோம்" என்றார்கள். அந்த அம்மாக்களுக்குத்தான் பையன் அதிகம் ஆடுவதாகத் தெரிந்தது. அவனை அவர்கள் குறை சொன்னதும் அதிகம்.

பெண் பிள்ளைக்கும் வருமா? என் மகள் அமைதியானவள், ஆனால் எதையும் முடிக்க மாட்டாள்.

வரும், அதுவும் தாமதமாகத்தான் கண்ணில் படும். ஓடுகிற பையனை டீச்சர் மூன்றாம் வகுப்பிலேயே அனுப்பிவிடுவார். ஜன்னலோரம் உட்கார்ந்து பனிமூட்டம் ஏறுவதைப் பார்த்துக்கொண்டிருக்கும் பெண்ணை யாரும் அனுப்ப மாட்டார்கள், அவளால் வகுப்புக்குத் தொந்தரவு இல்லையே. "நல்ல பொண்ணு, கொஞ்சம் சோம்பேறி" என்று எட்டாம் வகுப்பு வரை ஓடிவிடும். எங்களிடம் வந்த ஒரு பத்தாம் வகுப்புப் பெண்ணின் கணக்கு நோட்டைப் பார்த்தேன். ஒவ்வொரு பக்கத்திலும் முதல் இரண்டு வரி முத்து முத்தான கையெழுத்து, மூன்றாவது வரியில் பாதி, அப்புறம் ஓரத்தில் சின்னச் சின்னப் பூக்கள். எல்லாப் பக்கமும் இப்படியேதான். அந்தப் பெண் தன்னை முட்டாள் என்றே நம்பிக்கொண்டிருந்தாள். அமைதியான பிள்ளை என்றால் இன்னும் சீக்கிரம் காட்டுங்கள்.

மலையில் எங்கே காட்டுவது? கோவை போகத்தான் வேண்டுமா?

முதல் படிக்குக் கீழே இறங்க வேண்டியதில்லை. அரசுப் பள்ளிக்கும் அங்கன்வாடிக்கும் வந்து பரிசோதிக்கும் ஆர்.பி.எஸ்.கே. (அரசின் பிள்ளைகள் உடல்நலத் திட்டம்) மருத்துவக் குழுவின் பட்டியலில் ஏடிஎச்டியும் இருக்கிறது. 18 வயது வரை பார்ப்பார்கள். தலைமையாசிரியரிடம் சொல்லி வைத்தால் குழு வரும் நாளில் உங்கள் பிள்ளையின் பெயரையும் சேர்ப்பார். அவர்கள், பிள்ளைகளின் வளர்ச்சிக் குறைகளைச் சீக்கிரமே பார்க்கும் மாவட்ட ஆரம்ப இடையீட்டு சேவை மையத்துக்கு எழுதிக்கொடுப்பார்கள். நேரடியாகப் போவதென்றால் ஊட்டி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு ஓ.பி. சிக்கலான நிலை, கூடவே வலிப்பு, ஆட்டிசம் சந்தேகம் என்றால் கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ பெங்களூருவில் உள்ள தேசிய மனநல மருத்துவமனையான நிம்ஹான்ஸுக்கோ அனுப்புவார்கள். நிம்ஹான்ஸில் பிள்ளைகளுக்கென்றே தனி மனநலத் துறை உண்டு. கூடலூர்க்காரர்கள் மைசூர் வழியாகப் போவதுதான் வழக்கம். பந்திப்பூர் சாலை இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை மூடியிருக்கும் என்பதைக் கணக்கில் வைத்துக் கிளம்புங்கள். எங்கே ஆரம்பிப்பது என்றே தெரியவில்லை என்றால் 14416 என்ற டெலி-மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணுக்கு எந்த நேரமும் தமிழிலேயே பேசலாம், இலவசம்.

இதற்கு ரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ கிடையாது. யாராவது ஸ்கேன் எடுத்தால் தெரிந்துவிடும் என்று பணம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். டாக்டருக்கு வேண்டியது கதைதான்: எந்த வயதில் என்ன ஆரம்பித்தது, பள்ளியில் எப்படி, தூக்கம் எப்படி. பழைய ரேங்க் கார்டுகள், நோட்டுகள், வகுப்பாசிரியர் கைப்பட எழுதிய அரைப் பக்கம், இவ்வளவும் பையில் இருக்கட்டும். காதையும் கண்ணையும் முன்பே பரிசோதித்துவிடுங்கள். காது சரியாகக் கேட்காத பிள்ளையும் கவனம் இல்லாத பிள்ளை போலத்தான் தெரியும்.

இன்னொரு விஷயம். அத்தனை வளைவிலும் வாந்தி எடுத்துத் துவண்டுபோன பிள்ளை டாக்டர் முன்னால் பொம்மை மாதிரி உட்கார்ந்திருக்கும். புது இடம், புது ஆள் என்றாலே இந்தப் பிள்ளைகள் கொஞ்ச நேரம் அடங்கித்தான் இருப்பார்கள். "நல்லாத்தானே இருக்கான்" என்று அங்கே யாராவது சொன்னால் சுருங்கிப்போகாதீர்கள். ஆசிரியர் எழுதிய தாளை எடுத்து நீட்டுங்கள்.

காலையில் பள்ளிக்குக் கிளப்புவதற்குள் உயிர் போகிறது. என்ன செய்வது?

இது எல்லா வீட்டிலும் உள்ளது, இந்த மலையில் இரட்டிப்பு. ஜனவரி உறைபனியில் ஆறு மணிக்குப் போர்வையை விலக்குவதே பெரிய காரியம். அதற்கு மேல் ஸ்வெட்டர், மழைக்கோட்டு, காயாத சாக்ஸ். அம்மா மஸ்டருக்கு, அதாவது தோட்டத்து வருகைப் பதிவுக்கு, ஓட வேண்டும், வேன் யாருக்காகவும் நிற்காது.

எடப்பள்ளிப் பக்கம் ஒரு அம்மா செய்ததைச் சொல்கிறேன், நன்றாக வேலை செய்தது. தோட்டத் தொழிலாளர்களுக்கான அவர்கள் லைன் வீட்டில் கதவுக்குப் பின்னால் ஓர் ஆணி, ஆணிக்குக் கீழே ஒரு பழைய பிஸ்கட் அட்டைப்பெட்டி. அடுத்த நாளுக்கு வேண்டிய எல்லாம், ஐடி கார்டு, பெல்ட், சாக்ஸ், ஷூ, மழைக்கோட்டு, ராத்திரியே அந்தப் பெட்டிக்கு வந்துவிட வேண்டும். ஈர சாக்ஸை மட்டும் அடுப்பு மேடையோரம் கம்பியில் போடுவார், காலையில் பெட்டிக்கு வரும். கதவில் பையன் உயரத்தில், தன் உயரத்தில் அல்ல, ஐந்து படங்கள் ஒட்டியிருந்தார். பையனே வரைந்தவை: பல், சட்டை, இட்லி, பெட்டி, வேன். ஒவ்வொன்றின் மேலும் ஒரு துணி கிளிப். முடித்ததும் கிளிப்பைப் பக்கத்துக் கயிற்றுக்கு மாற்றுவான். அம்மா வாயால் சொல்வது "அடுத்தது என்ன, பார்" என்பது மட்டும். இட்லிப் படத்தில் கிளிப் நெடுநேரம் நிற்கும் என்று சிரித்தார். சரி, அதனால் என்ன, எங்கே நிற்கிறது என்றாவது தெரிகிறதே.

இதில் பெட்டியும் படமும் பெரிய கண்டுபிடிப்பு இல்லை. சொல்ல வேண்டியதை அம்மாவின் தொண்டையிலிருந்து எடுத்துக் கதவில் வைத்தார், அவ்வளவுதான். ஒரு மாதத்தில் பிள்ளைக்குப் படம் சலித்துவிடும், பார்க்க மாட்டான். வேறு நிறத்தில், வேறு இடத்தில் புதிதாகச் செய்ய வேண்டும். "இத்தனை நாள் செய்தானே, இப்போது திமிர்" என்று நினைக்க வேண்டாம், புதுமை போனால் பிடியும் போய்விடும் இவர்களுக்கு.

ஒரு வேலை சொன்னால் காதிலேயே வாங்க மாட்டேன் என்கிறாள்.

அடுப்படியிலிருந்து கூப்பிட்டுச் சொல்லாதீர்கள். பக்கத்தில் போய், தோளைத் தொட்டு, முகத்தைப் பார்த்து, ஒரே ஒரு வேலை. "பையை வைத்துவிட்டு, கை கழுவி, டிபன் பாக்ஸை எடுத்துப் போட்டுவிட்டு..." என்று கோத்துச் சொன்னால் கடைசியில் உள்ளதோ முதலில் உள்ளதோ ஒன்றுதான் தங்கும். சொன்னதைத் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். செய்து முடித்த உடனே, ராத்திரி அல்ல, உடனே "டிபன் பாக்ஸை நீயே எடுத்து வைத்தாயே" என்று எதைச் செய்தாளோ அதைச் சொல்லிப் பாராட்டுங்கள். வெறும் "குட் கேர்ள்" ஒட்டாது. ஞாயிற்றுக்கிழமை சைக்கிள் வாங்கித் தருகிறேன் என்ற வாக்குறுதியைவிட இப்போதே கிடைக்கும் பத்து நிமிட கேரம் பெரிது.

இரண்டு அடி போட்டால் அடங்குகிறானே?

அடங்குவது பயத்தில், கொஞ்ச நேரத்துக்கு. அடுத்த முறை அதே அடக்கத்துக்கு மூன்று அடி வேண்டியிருக்கும். அவன் கற்றுக்கொள்வது பொய் சொல்லவும், தம்பியை அடிக்கவும்தான். பள்ளியில் அடிப்பதற்கு 2009-ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு தடை போட்டிருக்கிறது, மனதை நோகடிப்பதையும் சேர்த்து. முட்டி போட வைப்பதும் வகுப்புக்கு வெளியே மழைச்சாரலில் நிறுத்துவதும் அதில் அடங்கும்.

கண்டிப்பு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. விதிகள் குறைவாக, முன்பே சொன்னதாக, மீறினால் உடனே சின்ன விளைவு உள்ளதாக இருக்கட்டும். பந்தைச் சுவரில் அடித்தால் பந்து அரை மணி நேரம் அலமாரிக்குப் போகும். கத்தல் இல்லை, பிரசங்கம் இல்லை. ஒரு மாதத்துக்கு விளையாட்டு கிடையாது என்றால் இரண்டாவது நாளே அவனுக்கு எதற்காகத் தண்டனை என்பது மறந்திருக்கும், உங்களுக்கும் தாக்குப்பிடிக்காது.

வெடிக்கிற நேரத்தில் எதுவும் ஏறாது. கொண்டை ஊசி வளைவுக்கு முன்னாலேயே கியரைக் குறைப்போமே, அப்படி முன்னாலேயே பார்க்க வேண்டும். பசியா, தூக்கக் கலக்கமா, ஃபோனைப் பிடுங்கும் நேரமா? ஃபோனை வாங்குவதற்குப் பத்து நிமிடம் முன்னால் ஒரு முறை, இரண்டு நிமிடம் முன்னால் ஒரு முறை சொன்னால் பாதிச் சண்டை நடக்காது.

மழையில் வாரக் கணக்கில் லீவு விட்டுவிடுகிறார்கள். வீட்டுக்குள் எப்படி வைத்துக்கொள்வது?

கூடலூர், பந்தலூர் பெற்றோருக்கு ஜூன், ஜூலையிலும், குன்னூர், கோத்தகிரிப் பெற்றோருக்கு அக்டோபர், நவம்பரிலும் வருகிற கேள்வி. கலெக்டர் லீவு அறிவித்ததும் பிள்ளைகள் ஆடுவார்கள், அம்மாக்கள் வாடுவார்கள். உடம்பு அசையாவிட்டால் இவர்களுக்குத் தூக்கமும் கெடும், கோபமும் ஏறும். கயிறு தாண்டுதல், படிக்கட்டில் ஏறி இறங்குதல், சப்பாத்தி மாவு பிசைதல், விறகு அடுக்குதல், பாட்டுப் போட்டு ஆடுதல், எதுவானாலும் பரவாயில்லை. மூச்சு வாங்க வேண்டும், அவ்வளவுதான். காலை எழும் நேரமும் சாப்பாட்டு நேரமும் மட்டும் பள்ளி நாள் போலவே இருக்கட்டும். அதை விட்டால் லீவு முடிந்து திரும்பப் பிடிக்க ஒரு வாரம் ஆகும்.

மழை விட்டதும் வெளியே பாய்வார்கள். இங்கே அது சாதாரண விஷயம் இல்லை. தேயிலைச் செடிக்கு நடுவில் காட்டெருமை நிற்பது அருகில் போகும் வரை தெரியாது, சாயங்காலம் கரடி வரும், கூடலூர் பக்கம் யானை. யோசிக்கும் முன் கால் ஓடிவிடுகிற பிள்ளைக்கு "ஜாக்கிரதையாகப் போ" என்பது போதாது. ஒரு கோட்டைக் காட்டுங்கள்: "இந்தத் தண்ணீர்த் தொட்டி வரைக்கும்தான்." அந்தத் தொட்டியில் பெயிண்ட் அடித்து வையுங்கள். தெருவிளக்கு எரிந்தால் உள்ளே. சின்னப் பிள்ளை என்றால் கண்பார்வையை விட்டு விடாதீர்கள், வேறு வழி இல்லை.

மாத்திரை கொடுத்தால் பழகிவிடுமா? மந்தமாகிவிடுமா? பயமாக இருக்கிறது.

இந்தக் கேள்விக்கு அவசரப்படாமல் பதில் சொல்ல வேண்டும். ஆறு வயதுக்குக் கீழ் முதலில் பெற்றோருக்குப் பயிற்சிதான், மருந்து பிறகு. அதற்கு மேல், தொந்தரவு நடுத்தரமோ கடுமையோ என்றால் டாக்டர் மருந்தைப் பற்றிப் பேசுவார். அதிகம் எழுதப்படுவது மெத்தில்ஃபெனிடேட். இது நேற்று வந்த மருந்து இல்லை, 1944-லேயே சுவிட்சர்லாந்தின் சீபா நிறுவனத்தில் உருவாக்கப்பட்டது. சாதாரண மாத்திரை மூன்று நான்கு மணி நேரம் வேலை செய்யும், மெதுவாகக் கரையும் வகை எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரம் வரை. ஒத்துப்போனால் வித்தியாசம் அன்றைக்கே தெரியும். இது ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு அட்டொமாக்செட்டின், குளோனிடின் போன்றவை. அட்டொமாக்செட்டின் முழுப் பலன் காட்ட நான்கு முதல் ஆறு வாரம் ஆகும், ஒரு வாரத்தில் "ஒன்றும் ஆகவில்லை" என்று நிறுத்திவிடாதீர்கள்.

பக்கவிளைவு உண்டு. மெத்தில்ஃபெனிடேட்டில் முக்கியமானது பசி குறைவது. மதிய டப்பா அப்படியே திரும்பி வரும். மாத்திரைக்கு முன்னால் வயிறு நிறையக் காலைச் சாப்பாடு, மாலையில் பசி திரும்பும்போது இன்னொரு முழுச் சாப்பாடு என்று மாற்றிக்கொள்ளுங்கள். தூக்கம் தள்ளிப்போகலாம், தலைவலி வரலாம். உயரமும் எடையும் ரத்த அழுத்தமும் டாக்டர் ஒவ்வொரு முறையும் பார்க்க வேண்டும். குடும்பத்தில் இதய நோயோ சின்ன வயதில் திடீர் மரணமோ இருந்தால் முதல் நாளே சொல்லிவிடுங்கள். பிள்ளை சிரிப்பே இல்லாமல் மந்தமாகிவிட்டால் அளவு கூடுதல் என்று அர்த்தம், டாக்டரிடம் சொல்லிக் குறைக்க வேண்டும். பிள்ளை அப்படித்தான் ஆக வேண்டும் என்று இல்லை.

பழகிவிடுமா என்றால், சொன்ன அளவில் வாய்வழியாக எடுக்கும் பிள்ளைக்கு அது போதை தருவதில்லை. ஆனால் தவறான கையில் போகக்கூடிய மருந்துதான், அதனால்தான் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் பட்டியலில் இருக்கிறது, சீட்டு இல்லாமல் தர மாட்டார்கள். பூட்டி வையுங்கள், எண்ணி வையுங்கள். சின்ன ஊர் மெடிக்கல் ஷாப்பில் பெரும்பாலும் இருக்காது. மழைக்காலத்தில் மண் சரிந்து ரோடு அடைபட்டால் நாள் கணக்கில் கிடைக்காது, ஆகவே முன்கூட்டியே வாங்கிக்கொள்ளுங்கள்.

மருந்து போதுமா என்றால், 1999-ல் 579 பிள்ளைகளை வைத்து 14 மாதம் நடந்த பெரிய அமெரிக்க ஆய்வில், கவனத்தையும் துறுதுறுப்பையும் குறைப்பதில் நன்றாகக் கண்காணிக்கப்பட்ட மருந்துதான் முந்தியது. பெற்றோர் பயிற்சியும் பள்ளி உதவியும் சேர்ந்த பிள்ளைகளுக்குக் குறைந்த அளவு மருந்தே போதுமாக இருந்தது. மாத்திரை உட்கார வைக்கும். உட்கார்ந்த பிறகு என்ன செய்வது என்பதை நாம்தான் சொல்லித்தர வேண்டும்.

வல்லாரை கொடுக்கலாமா?

கீரையாகக் கொடுங்கள், நல்லது. மாத்திரையை நிறுத்திவிட்டு அதைக் கொடுக்காதீர்கள். லேகியம், பொடி எதுவானாலும் டாக்டரிடம் சொல்லிவிட்டுக் கொடுங்கள்.

பள்ளியில் சொல்லலாமா? முத்திரை குத்திவிடுவார்களே.

ஏற்கெனவே "அடங்காதவன்" என்ற முத்திரை இருக்கிறது. அதைவிட இது மேல். தனியாகப் போய், குறை சொல்லாமல், இரண்டு மூன்று விஷயம் மட்டும் கேளுங்கள். முன் வரிசையில், ஜன்னலையும் கதவையும் விட்டுத் தள்ளி இடம். வீட்டுப்பாடம் டைரியில் ஏறிவிட்டதா என்று மணி அடிக்கும் முன் ஒரு பார்வை. நடுவில் கரும்பலகை துடைக்கவோ, சாக்பீஸ் எடுத்து வரவோ அனுப்புதல். 40 பிள்ளைகளை வைத்துக்கொண்டிருக்கும் டீச்சருக்குப் பத்துப் பக்கக் கட்டுரை கொடுத்தால் படிக்க முடியாது.

தேர்வுச் சலுகை பற்றிக் குழப்பம் நிறைய. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் உள்ள 21 வகைகளில் கற்றல் குறைபாடு இருக்கிறது, ஏடிஎச்டி தனி வகையாக இல்லை. ஏடிஎச்டி உள்ள பிள்ளைகளில் பலருக்கு எழுத்துக்கூட்டுவதிலோ கணக்கிலோ கற்றல் குறைபாடும் சேர்ந்தே இருக்கும். அதைச் சோதித்துச் சான்றிதழ் வாங்கினால் அரசுப் பொதுத் தேர்வில் கூடுதல் ஒரு மணி நேரம், சொல்வதை எழுதுபவர் போன்றவற்றுக்கு விண்ணப்பிக்கலாம். பத்தாம் வகுப்பு டிசம்பரில் ஓடாதீர்கள். ஒன்பதாம் வகுப்பிலேயே ஆரம்பியுங்கள்.

போர்டிங்கில் போட்டால் ஒழுங்கு வந்துவிடும் என்கிறார்கள்.

ஊட்டியைச் சுற்றி இத்தனை விடுதிப் பள்ளிகள் இருப்பதால் இந்த யோசனையும் சுலபமாக வருகிறது. மணி அடித்து எழுப்பி, மணி அடித்துப் படிக்க வைக்கும் ஒழுங்கு சில பிள்ளைகளுக்கு உண்மையிலேயே நன்றாகப் பொருந்தும். ஆனால் தண்டனையாக அனுப்பிய பிள்ளை அங்கே நிலைப்பதைப் பார்ப்பது அரிது. வார்டனிடம் மூன்று கேள்வி கேளுங்கள். மாத்திரையை யார் கையால், எத்தனை மணிக்குக் கொடுப்பீர்கள்? பொருளைத் தொலைத்தால் என்ன செய்வீர்கள்? படுக்கையை ஒழுங்கு செய்யாத பிள்ளைக்கு என்ன தண்டனை? பதிலில் "நாங்க சரி பண்ணிடுவோம் சார்" மட்டும் இருந்தால் வீட்டுக்கே கூட்டி வந்துவிடுங்கள்.

மகனுக்குப் பதினாறு. பைக் கேட்கிறான், பொய் சொல்கிறான், ராத்திரி ஒரு மணிக்குத்தான் தூங்குகிறான்.

மூன்றையும் ஒன்றாகப் போட்டு அலசாதீர்கள்.

பைக்கில் மட்டும் நான் பிடிவாதக்காரி. ஏடிஎச்டி உள்ள இளைஞர்களுக்குச் சாலை விபத்து வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம் என்பது பல நாடுகளில் பார்த்துத் தெரிந்தது. அதோடு நம் ரோடு: பனிமூட்டம், ஈர யூகலிப்டஸ் இலை, வளைவில் ஏறி வரும் லாரி. 18 வயதுக்குக் கீழ் ஓட்டி மாட்டினால் 2019-ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டப்படி பெற்றோருக்கோ வண்டி உரிமையாளருக்கோ 25,000 ரூபாய் அபராதமும் மூன்று வருடம் வரை சிறையும் உண்டு, பையனுக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது. சாவியை ஆணியில் மாட்டாதீர்கள். பார்த்த கணத்தில் எடுத்துவிடுவான், எடுத்த பிறகுதான் யோசிப்பான். 18 ஆன பிறகும் மருந்து வேலை செய்யும் நேரத்தில்தான் வண்டி என்று ஒப்பந்தம் போடுங்கள்.

பொய் பெரும்பாலும் தப்பிக்கச் சொல்வது. "ரெக்கார்டு நோட்டு முடிச்சாச்சா?" என்றால் "முடிச்சாச்சு" என்று வாய் முந்திக்கொள்ளும். "ரெக்கார்டை எடுத்து வா, எந்தப் பக்கத்தில் நிற்கிறது பார்ப்போம்" என்று கேட்டால் பொய்க்கு இடமே இல்லை. தெரிந்துகொண்டே கேட்டுச் சிக்கவைப்பது போலீஸ் வேலை, நமக்கு வேண்டாம்.

தூக்கம் பதின்வயதில் எல்லோருக்கும் தள்ளிப்போகும், இவர்களுக்கு இன்னும் கூடுதலாக. ஃபோன் ராத்திரி அப்பா, அம்மாவின் ஃபோனோடு சேர்ந்து ஹாலில் சார்ஜில் இருக்கட்டும். உங்களுடையது தலையணைக்கு அடியில் இருந்தால் இந்த விதி நிற்காது.

பீடி, சிகரெட், கஞ்சா இவர்களிடம் சீக்கிரம் ஒட்டிக்கொள்ளும் அபாயம் உண்டு. அதைவிட நான் பயப்படுவது மனச்சோர்வுக்கு. வருடக் கணக்கில் திட்டு வாங்கியே வளர்ந்த பிள்ளை பதினைந்து பதினாறில் "நான் எதுக்கும் லாயக்கில்ல" என்று பேச ஆரம்பித்தால், சாக வேண்டும் என்ற பேச்சு வந்தால், விளையாட்டாக எடுக்காதீர்கள். அன்றைக்கே 14416, அல்லது குழந்தைகள் உதவி எண் 1098, அல்லது நேராக மருத்துவமனை. தோட்டத்துக்கு அடிக்கும் பூச்சிமருந்துப் புட்டிகளை வீட்டில் வைத்திருக்கிறவர்கள் அவற்றைப் பூட்டுங்கள்.

கல்யாண வீடு, திருவிழா, சொந்தக்காரர் வீடு என்றால் போகவே பயமாக இருக்கிறது. எல்லோரும் என்னைத்தான் பார்க்கிறார்கள்.

பிள்ளைக்கு அங்கே ஒரு வேலை வாங்கிக் கொடுத்துவிடுங்கள். பந்தியில் தண்ணீர் ஊற்றுவது, செருப்பை வரிசையாக வைப்பது, படுகர்களின் ஹெத்தை ஹப்பா திருவிழாக் கூட்டத்தில் பெரியப்பாவுடன் நடந்து சாமான் தூக்குவது. உட்காரச் சொன்னால்தான் பிரச்சினை, ஓடச் சொன்னால் அவனைப் போல ஆள் கிடையாது. முதல் ஒரு மணி நேரம் இருந்துவிட்டுக் கிளம்புவதிலும் தப்பில்லை. அத்தையிடமும் சித்தியிடமும் மூளை விளக்கம் எல்லாம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம், "டாக்டர் பார்க்கிறார்" போதும்.

வளர்ந்தால் சரியாகிவிடுமா?

ஓட்டமும் குதியும் பெரும்பாலும் குறையும். மறதியும், தள்ளிப்போடுவதும், நேரக் கணக்கு பிடிபடாததும் பாதிப் பேருக்கு மேல் ஏதோ ஓர் அளவில் கூடவே வரும். அதோடு வேலை பார்த்து, குடும்பம் நடத்தி நன்றாக இருக்கிறவர்கள் ஏராளம். என்ன வேலை என்பது முக்கியம். நாள் முழுக்க ஒரே மேஜை என்றால் திணறுவார்கள்.

அக்காவுக்கு வருத்தம், "எப்பப் பார்த்தாலும் அவனைத்தான் கவனிக்கிறீங்க" என்கிறாள்.

அவள் சொல்வது உண்மைதான். வாரத்தில் ஒரு மணி நேரம் அவளோடு மட்டும் எங்காவது போங்கள், தம்பி பேச்சு கிடையாது என்ற நிபந்தனையோடு. தம்பியைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை அவள் தலையில் போடாதீர்கள்.

இதையெல்லாம் படிக்கப் படிக்க எனக்கே இது இருக்கும் போலத் தோன்றுகிறது. நான் அவன் அப்பா.

இருக்கலாம், கூட்டத்துக்கு வரும் அப்பாக்களில் பலர் இப்படித்தான் கதவருகில் நின்று தயங்கித் தயங்கிக் கேட்பார்கள். பெரியவர்களுக்கும் பரிசோதனை உண்டு, சிகிச்சை உண்டு. உங்களுக்கும் மறதி என்றால் மாத்திரை நேரத்தை உங்கள் பொறுப்பில் வைத்துக்கொள்ளாதீர்கள், ஃபோனில் அலாரம் வையுங்கள். பையன் கத்தும்போது உங்களுக்கும் உடனே ஏறுகிறது என்றால் அந்த நேரத்தில் அம்மா பேசட்டும், நீங்கள் வாசலுக்குப் போய்விடுங்கள். அடுத்த முறை ஊட்டி போகும்போது உங்கள் பெயருக்கும் ஓர் ஓ.பி. சீட்டு போட்டுக்கொள்ளுங்கள், இன்னொரு நாள் பஸ் செலவு மிச்சம்.